சாலியாறு கடலில் சேரும் துறை: நீலகிரியிலிருந்து பேப்பூருக்கு

கோத்தகிரியில் இருக்கிறோம், பிள்ளைகள் இரண்டு பேர், மூட்டுவலி உள்ள மாமியாரும் கூட வருகிறார். ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் படகு ஏறிச் சலித்துவிட்டது. கடலோரத்தில் பழைய துறைமுகக் கிராமம் ஒன்றைப் படகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரிதான் தங்க முடியும். தரங்கம்பாடிக்குப் போகலாமா, தனுஷ்கோடிக்குப் போகலாமா? இதுதான் நீங்கள் கேட்டது.

இரண்டும் பார்க்க வேண்டிய ஊர்கள்தான். ஆனால் நீங்கள் கேட்பது படகில் போய் இறங்கும் ஊர். தரங்கம்பாடியில் கோட்டையைக் கரையில் நடந்துதான் பார்க்கிறோம். தனுஷ்கோடியில் 1964 புயலுக்கு முன்பு இலங்கைக்குக் கப்பல் போனது. இன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டாகிவிட்டது, வண்டியிலேயே போய் நிற்கலாம். மலையிலிருந்து இறங்கி அங்கே போய்த் திரும்பவே உங்கள் இரண்டு நாளும் சரியாகிவிடும்.

நான் சொல்வது பேப்பூர். கோழிக்கோட்டுக்குத் தெற்கே பத்துப் பதினொரு கிலோமீட்டரில், சாலியாறு அரபிக்கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. ஆற்றின் வடகரை பேப்பூர், தென்கரை சாலியம். இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பழைய துறைமுகம். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டு வந்தால் பாதிதான் பார்த்த கணக்கு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகப் படகுதான் இயல்பான வழி.

நான் கூடலூரில் பிறந்து வளர்ந்தவன். மலைக்காரர்கள் யாராவது கடல் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பேப்பூரைத்தான் சொல்வேன். கிட்டே இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த ஊர் நம் மலையின் தண்ணீராலும் மரத்தாலும் உருவானது. நீலகிரி உச்சியில் பெய்யும் மழை இரண்டு பக்கமாகப் பிரிகிறது. முக்கூர்த்தி மலையில் பிறக்கும் பைக்காரா மோயாறாகி, பவானியில் சேர்ந்து, காவிரியோடு பூம்புகார் பக்கம் வங்கக்கடலுக்குப் போகிறது. அதே முக்கூர்த்தியின் மேற்குச் சரிவில் விழும் மழை கரிம்புழையாக நிலம்பூர்க் காட்டுக்குள் இறங்கிச் சாலியாற்றில் சேர்கிறது. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறும் புன்னப்புழையோடு கலந்து அங்கேதான் போகிறது. சாலியாறே நம் மாவட்டமும் வயநாடும் தொட்டுக்கொள்ளும் இளம்பலேரி மலையில் பிறப்பது. அங்கிருந்து 169 கிலோமீட்டர் ஓடிப் பேப்பூரில் முடிகிறது. ஒரு பக்கம் காவிரிப்பூம்பட்டினம், இன்னொரு பக்கம் பேப்பூர். நம் மழைக்கு இரண்டு துறைமுகம். முதலாவதை எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றி நீலகிரியிலேயே அதிகம் பேர் பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

அதனால் கார் வைத்திருந்தால் கூடலூர் வழியாகவே போங்கள் என்பேன். ஊட்டி, கூடலூர், நாடுகாணி, வழிக்கடவு, எடக்கரை, நிலம்பூர், அரீக்கோடு, ஃபெரோக், சாலியம். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர், கூடலூரிலிருந்து நிலம்பூர் ஏறக்குறைய இன்னொரு 50. விடியற்காலையில் கோத்தகிரியை விட்டால் காலைச் சாப்பாடு கூடலூரில். நாடுகாணியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, கீழே விரிந்து கிடக்கும் நிலம்பூர்க் காட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தப் பச்சைக்குள்தான் ஆறு ஓடுகிறது, சாயங்காலம் அதன் வாயில் நிற்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு வழியில் எந்தப் பாலம் வந்தாலும் அவர்களாகவே எட்டிப் பார்ப்பார்கள்.

வழியில் ஓர் இடத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும். நிலம்பூர் ஊருக்குள் நுழையும் முன்பே, கூடலூர் சாலையிலேயே தேக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. 1995ல் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தது. பேப்பூரில் பார்க்கப்போகும் கப்பலின் முதல் பாதி இங்கேதான் என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம். 1840களில் மலபார் கலெக்டராக இருந்தவர் கோனலி. கப்பல் கட்டும் தேக்கு காட்டில் தீர்ந்துகொண்டே வருவதைப் பார்த்து, வெட்டிய இடத்தில் மறுபடி நட்டு வளர்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதைச் செய்து காட்டியவர் சாத்து மேனோன் என்ற வன அதிகாரி. தேக்கு விதை லேசில் முளைக்காது, கெட்டியான ஓடு. பல விதமாக முயன்று முளைக்க வைத்து அவர் வளர்த்த தோட்டம்தான் உலகத்தின் மிகப் பழைய தேக்குத் தோட்டம். கோனலி பெயரிலேயே நிலம்பூரைத் தாண்டிய அருவாக்கோட்டில், ஆற்றுக்கு அக்கரையில் இன்றும் நிற்கிறது. அக்கரைக்குப் போகும் வசதி வெள்ளத்துக்கு வெள்ளம் மாறுகிறது, அருங்காட்சியகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாருக்கு அந்த நடை கஷ்டம் என்றால் விட்டுவிடலாம். அருங்காட்சியகம் ஒன்றே போதும்.

தேக்கு எப்படிக் கடலுக்குப் போனது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, மூழ்கிவிடும். அதனால் மரம் நிற்கும்போதே அடியில் வளையமாகப் பட்டையை வெட்டி, இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காயவிட்டு, அப்புறம்தான் சாய்ப்பார்கள். யானை இழுத்து ஆற்றங்கரையில் சேர்க்கும். மழைக்காலத்தில் ஆறு நிறையும்போது மரங்களை மூங்கிலோடு சேர்த்துக் கட்டித் தெப்பமாக விட்டால், சாலியாறே சுமந்து கீழே கொண்டுபோகும். கோழிக்கோட்டுக் கல்லாய் மரச்சந்தை உலகப் பெயர் வாங்கியது இந்த மரத்தால். பம்பாய்க் கப்பல் தளத்துக்கும் மலபார் தேக்கு போனது. பேப்பூரில் உரு என்று சொல்லும் மரக்கப்பல்கள் எழுந்ததும் இதே மரத்தில்தான்.

நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரை ஆற்றிலேயே போக முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். துடுப்புப் படகுக்காரர்கள் போகிறார்கள். நிலம்பூரில் தொடங்கிப் பேப்பூர் வரை 68 கிலோமீட்டர், மூன்று நாள் துடுப்புப் பயணம் ஆண்டுதோறும் நடக்கிறது. பிள்ளைகள் பெரியவர்களானதும் யோசிக்கலாம். குடும்பத்தோடு இப்போது சரிவராது. கோடையில் மேல் ஆற்றில் பாறையும் மணலும் தலைகாட்டும், மழையில் நீர் முரடாகும். வாழக்காட்டுக்குப் பக்கத்தில் ஊர்க்கடவில் குறுக்கே ஷட்டர் வைத்த பாலம் ஒன்று இருக்கிறது, கடல் உப்பு மேலே ஏறிக் குடிநீரைக் கெடுக்காமல் தடுக்கக் கட்டியது. அதற்குக் கீழே ஆற்றின் குணமே வேறு. கடல் ஏறினால் ஆறும் ஏறும், கடல் வற்றினால் ஆறும் வற்றும். நீங்கள் படகு ஏற வேண்டியது இந்தக் கீழ் ஆற்றில்தான்.

சரி, படகுக்கு வருவோம். என் அழுத்தமான கருத்து: பேப்பூருக்கு நேராக வண்டியில் போய் நிற்காதீர்கள். முதலில் தென்கரைச் சாலியத்துக்குப் போங்கள். அங்கிருந்து ஆற்றைக் கடந்து பேப்பூரில் இறங்குங்கள். அந்தத் துறைமுகம் எப்படி இயங்கியது என்பது அந்த வழியில் போனால்தான் புரியும்.

கேரளத்தின் முதல் ரயில் பாதை 1861 மார்ச் 12ஆம் தேதி திறந்தது. திரூரிலிருந்து பேப்பூர் வரை, 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெயர்தான் பேப்பூர் ஸ்டேஷன், தண்டவாளம் முடிந்தது இந்தத் தென்கரைச் சாலியத்தில். அடுத்த ஆண்டே பட்டாம்பி, போத்தனூர் வழியாக மெட்ராஸ் வரை பாதை இணைந்துவிட்டது. வங்கக்கடல் ஓரத்தில் ஏறியவர் அரபிக்கடல் ஓரத்தில் இறங்கினார். இறங்கியவர் கோழிக்கோட்டுக்குப் போகப் படகு ஏறி ஆற்றைக் கடக்கத்தான் வேண்டும், முன்னால் பாலம் கிடையாது. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்ததே 1873ல்தான், குன்னூர் மலை ரயில் 1899ல். அதாவது நம் மலையடிவாரத்துக்குத் தண்டவாளம் வரும் முன்பே பேப்பூர்த் துறைக்கு வந்துவிட்டது. 1888ல் பாதையைக் கடலுண்டியிலிருந்து திருப்பி, ஆற்றின் மேல் பாலம் போட்டுக் கோழிக்கோட்டுக்கே கொண்டுபோனார்கள். அதோடு சாலியம் ஸ்டேஷனின் காலம் முடிந்தது. இன்று அங்கே பெரிய கட்டடம் எதையும் தேட வேண்டாம். ஆற்றங்கரையில் நின்று, ரயில் இங்கே முடிந்தது, மிச்சம் தண்ணீர் என்று சொன்னாலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

சாலியத்துக்கு அதைவிடப் பழைய கதைகளும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்த பயணி இபின் பதூதா, இங்கே நெய்யும் துணியைப் பாராட்டியிருக்கிறார். ஆற்றோரம் உள்ள பழைய பள்ளிவாசல், இந்தக் கரையின் தொடக்கக் காலப் பள்ளிகளில் ஒன்று என்று மரபாகச் சொல்கிறார்கள். போர்ச்சுகீசியர் 1531ல் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். சாமூதிரி என்ற அரசரின் கோழிக்கோட்டுக்கு இவ்வளவு கிட்டே, அதுவும் ஆற்றுவாயில் எதிரியின் பீரங்கி இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? நாற்பது ஆண்டு பொறுத்து 1571ல் சாமூதிரியின் படையும் அவருடைய கடற்படைத் தலைவர் குஞ்ஞாலி மரக்காரின் ஆட்களும் சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்து, கல் கல்லாக இடித்தார்கள். 1510ல் போர்ச்சுகீசியர் எரித்த கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளிவாசலைச் சீராக்க, இந்தக் கோட்டையின் பொருள்களைத்தான் பயன்படுத்தினார்கள் என்று சொல்வதுண்டு. கோழிக்கோட்டில் தங்கினால் குற்றிச்சிறைக்குப் போய் அந்தப் பள்ளியை வெளியிலிருந்தாவது பாருங்கள். மரத்தில் அடுக்கடுக்காக எழுப்பிய அழகான கட்டடம். சாலியத்தில் கோட்டையின் அடையாளம் சொல்லும்படி ஒன்றும் மிச்சமில்லை.

சங்க இலக்கியத்தில் ஈடுபாடு இருந்தால் இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். சேரர் துறைமுகமான தொண்டி, கிரேக்க மாலுமிகள் திண்டிஸ் என்று குறித்த ஊர், இந்தக் கடலுண்டி, பேப்பூர் வட்டாரத்தில்தான் இருந்தது என்பது ஆய்வாளர்களில் ஒரு சாராரின் கருத்து. பொன்னானிப் பக்கம் என்பவர்களும் இருக்கிறார்கள். எது சரியானாலும் இரண்டுக்கும் நடுவே அதிக தூரமில்லை. முசிறி என்றவுடன் கொடுங்கல்லூருக்கு ஓடுகிறோம். தொண்டி என்று பாடப்பட்ட கரை நம் ஆற்றின் வாயருகே இருக்கலாம் என்பது நீலகிரித் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சாலியத்துக்கும் பேப்பூருக்கும் நடுவே ஜங்கார் ஓடும். ஆட்களோடு பைக், கார் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளும் தட்டைப் படகு. கடப்பது சில நிமிஷம்தான். ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் கண்ணில் படுவது அதிகம். இடது கைப்பக்கம் ஆற்றுவாய், அலை உடையும் கோடு. வலது பக்கம் ஆறு அகன்று மேலே போவது. எதிரே மீன்பிடிப் படகுகள், லட்சத்தீவுக்குச் சாமான் ஏற்றும் சரக்குக் கப்பல்கள், கரையில் உருப் பட்டறைகளின் கொட்டகை. வண்டியைக் கார்க்காரரிடம் விட்டுவிட்டு நீங்கள் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த ஜங்கார் இடையிடையே நின்று மறுபடி ஓடுவது. புறப்படும் முன் தங்கும் இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்றால் ஃபெரோக் சுற்றிச் சாலை இருக்கிறது. அப்போது படகு ஆசையைக் கடலுண்டியில் தீர்த்துக்கொள்ளலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

காலையில் கடப்பது நல்லது. விடியலில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், ஆறு தட்டையாகக் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பி அடிக்கும், வாய்ப்பகுதியில் அலை தூக்கும். மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் கடலோரப் படகு அனுபவத்தில் வயிறு புரட்ட வேண்டாமே. அதனால் முதல் நாள் மத்தியானம் வந்து சேர்ந்ததும் சாலியம் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, ராத்திரி அந்தப் பகுதியிலேயோ ஃபெரோக்கிலேயோ தங்கி, மறுநாள் காலையில் கடப்பது என் யோசனை. சாலியத்தில் கலங்கரை விளக்கம் இருக்கிறது, பேப்பூர் கலங்கரை விளக்கம் என்பது இதற்குத்தான் பெயர். பொதுவாகச் சாயங்காலம்தான் ஏற விடுவார்கள். மேலே ஏறினால் ஆறு, கடல், இரண்டு கரை எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். மாமியார் கீழேயே உட்காரட்டும், படிகள் அதிகம்.

இனி உரு. பேப்பூருக்குப் போவதன் மையமே இதுதான், இதற்கு நேரம் ஒதுக்குங்கள். உரு என்பது முழுக்க மரத்தில் கட்டும் பெரிய சரக்குக் கப்பல். அரபு நாடுகளோடு நூற்றாண்டுகளாக நடந்த வியாபாரத்தில் மிளகும் மரமும் இதில்தான் போயின. இன்று பெரும்பாலும் வளைகுடாப் பணக்காரர்கள் உல்லாசப் படகாக வைத்துக்கொள்ளக் கட்டுகிறார்கள். வியப்பு என்னவென்றால் கட்டுபவர் கையில் வரைபடம் கிடையாது. மூத்த மேஸ்திரியின் மனத்தில் அளவு இருக்கிறது, நீளம் இவ்வளவு என்று சொன்னால் மற்ற அளவெல்லாம் அதிலிருந்து பிறக்கும். முதலில் அடிமரத்தைக் கிடத்தி, அதிலிருந்து பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாக வளைத்து உயர்த்தி, தோல் உருவான பிறகு உள்ளே விலாக் கட்டைகளைப் பொருத்துவது பழைய முறை. எலும்பு கட்டிவிட்டு அதன் மேல் தோல் போர்த்தும் மேலைநாட்டு முறைக்கு நேர் எதிர். பழங்காலத்தில் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தார்கள், பிறகு ஆணி வந்தது. பலகை இடுக்குகளில் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை உளியால் இறுக்கி அடிப்பார்கள், நம் கடலோரத்தில் கலப்பத்து என்று சொல்வோமே, அதேதான். நீர் பட்டதும் மரமும் பஞ்சும் ஊறி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஒரு பெரிய உரு முடிய வருஷக்கணக்கில் ஆகும். தேக்கு விலை ஏறிவிட்டதால் இப்போது மலேசியாவிலிருந்து வரும் மரமும் சேர்கிறது.

கட்டி முடித்த கப்பலை ஆற்றில் இறக்குவது கலாசிகள் வேலை. கிரேன் கிடையாது. உருட்டுக் கட்டைகள், கப்பி, தடித்த வடம், மரத்தால் செய்த சுழல் உருளை, அப்புறம் ஒரே குரலில் எழும் பாட்டு. நூற்றுக்கணக்கான டன்னை அங்குலம் அங்குலமாக நகர்த்தித் தண்ணீருக்குக் கொண்டுபோவார்கள். 1988ல் கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து ரயில் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, பெட்டிகளைத் தூக்கப் பேப்பூர்க் கலாசிகளைத்தான் கூப்பிட்டார்கள். எந்திரங்கள் திணறிய இடத்தில் அவர்களுடைய கப்பியும் வடமும் வேலை செய்தன. இவர்களையும் தச்சர்களையும் நேரில் பார்த்துப் பேசுவது எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காதது. ஆனால் பட்டறை என்பது வேலை நடக்கும் இடம். அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், தரையெல்லாம் ஆணியும் சீவலும் கிடக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிருங்கள். எல்லாக் காலத்திலும் பட்டறையில் கப்பல் நிற்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆர்டர் வந்தால்தான் வேலை. எதுவும் கட்டாத நாளில் போய்விட்டால், உருவைக் கையளவில் செய்து விற்கும் கைவினைக் கடைகளில் அதே தச்சுப் பரம்பரைக்காரர்களைப் பார்க்கலாம். பணம் செலவழிக்க வேண்டுமென்றால் அங்கே செலவழியுங்கள். அந்தத் தொழில் நின்றுபோகாமல் இருக்க நம்மால் ஆனது அது.

திப்பு சுல்தான் இந்த ஊருக்குச் சுல்தான் பட்டணம் என்று பெயர் வைத்ததும், பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்புக் கம்பெனி 1830களில் இங்கேயும் உலை போட்டதும் உபகதைகள். இரண்டுக்கும் பார்க்க ஒன்றும் இல்லை. ஃபெரோக்கின் ஓட்டுத் தொழிற்சாலைகளுக்கு மட்டும் நம்மோடு நேரடி உறவு. நீலகிரியில் பழைய வீடு பிரிக்கும்போது ஓட்டின் அடியில் ஃபெரோக் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், சாலியாற்றுக் களிமண் மறுபடி மலையேறி வந்திருக்கும்.

பேப்பூரில் எல்லாரும் போவது புலிமுட்டுக்கு. ஆற்றுவாயில் மணல் அடைக்காமல் இருக்கக் கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட கரை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உள்ளே போகிறது. மேலே நடைபாதை சமதளமாக இருப்பதால் மாமியாரும் கொஞ்ச தூரம் நடக்கலாம். கல்லில் மட்டும் இறங்க விடாதீர்கள், பாசி வழுக்கும்.

இப்போது கடலுண்டி. சாலியத்துக்குத் தெற்கே ஒட்டியே கடலுண்டி ஆறு கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரம் கடலுண்டி வள்ளிக்குன்னு சமூகக் காப்பகம், அதாவது ஊர்மக்களும் சேர்ந்து இயற்கையைக் காக்கும் இடம், 2007ல் அறிவித்தது, கேரளத்தில் முதலாவது. ஊர்க்காரர்களே தோணியில் அழைத்துப்போய்க் கண்டல் எனும் அலையாத்திக் காட்டின் நடுவே சுற்றிக் காட்டுவார்கள். ஜங்கார் தராத அமைதி இங்கே கிடைக்கும். நேரம் தெரிந்து போக வேண்டும். கடல் ஏறியிருக்கும்போது கண்டல் வாய்க்கால்களுக்குள் தோணி போகும், ஆனால் சேற்றுத் திட்டு மூழ்கியிருப்பதால் பறவை குறைவு. நன்றாக வற்றிவிட்டால் திட்டில் உள்ளான்களும் ஆலாக்களும் கூட்டமாக மேயும், ஆனால் தோணி தரை தட்டும். ஏற்றம் முடிந்து வற்றத் தொடங்கும் நேரத்தில் ஏறினால் இரண்டும் கிடைக்கும். ஏற்றம் நாளுக்கு நாள் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும், ஆகையால் போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. முதல் நாள் சாயங்காலமே தோணிக்காரரிடம் கேட்டு நேரம் முடிவு செய்யுங்கள். வலசைப் பறவைகளுக்காக நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது.

அந்த மாதங்கள்தான் மொத்தப் பயணத்துக்கும் ஏற்றவை. மே 15 முதல் செப்டம்பர் 15 வரை சிறு கப்பல்களுக்குத் துறைமுகம் மூடல், ஜூன் ஜூலையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, நாடுகாணிச் சாலையிலோ மண்சரிவு பயம். 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவில் இறந்தவர்களின் உடல்களைச் சாலியாற்றில் நிலம்பூர் வரை தேடி எடுத்தார்கள். மழைக்காலத்தில் அந்த ஆற்றை வேடிக்கை பார்க்கப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டிசம்பர் கடைசியில் பேப்பூரில் நீர் விழா நடக்கும். பாய்மரமும் படகுப் போட்டியும் பார்க்க அருமை, ஆனால் முதியவரோடு போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது, ரோட்டில் நகர முடியாது.

படகுப் பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2023 மே 7ஆம் தேதி, இதே கரையில் கொஞ்சம் தெற்கே தானூரில், இருட்டிய பிறகு அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் பலர் பிள்ளைகள். எனவே லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவில் இருந்தால்தான் ஏறுங்கள். சூரியன் இறங்கிய பிறகு எந்தப் படகும் வேண்டாம். மேல்தட்டு வைத்த படகில் கூட்டம் மேலே ஏறுவதைப் பார்த்தால் இறங்கிவிடுங்கள். ஆற்றுவாயைத் தாண்டிக் கடலுக்குள் ஒரு சுற்று போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள், வாயில் மணல்திட்டு இடம் மாறும், நீரோட்டம் வேகம். காசு கொடுத்தாயிற்றே என்று தயங்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. அரிசி மாவு அடைத்த கல்லுமக்காய் என்ற சிப்பி, மத்தி வறுவல், கோழிக்கோட்டு அல்வா எல்லாம் உண்டு. மாமியார் சைவமானால் ஃபெரோக்கிலோ கோழிக்கோட்டிலோ சாப்பிட்டுக்கொள்வது வசதி. திரும்பும்போது நாடுகாணிச் சோதனையில் பிளாஸ்டிக் பார்ப்பார்கள், அல்வாவைப் பெட்டியில் கட்டித் தரச் சொல்லுங்கள், தண்ணீருக்குச் சொந்தக் குடுவை வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டுவலியோடு மாமியாருக்கு இத்தனை வளைவு தாங்குமா என்பது உங்கள் பெரிய கவலையாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. அவரும் துணைக்கு ஒருவரும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வரட்டும். போத்தனூரிலிருந்து பட்டாம்பி, குற்றிப்புறம், திரூர் வழியாகக் கடலுண்டி வரை அந்த ரயில் ஓடுவது ஏறக்குறைய 1861, 62ல் போட்ட அதே தடத்தில். கடலுண்டியில் பழைய பாதை சாலியத்துக்குப் பிரிந்தது, இன்றைய ரயில் ஃபெரோக்குக்குப் போகிறது. எல்லா ரயிலும் ஃபெரோக்கில் நிற்காது, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நிற்காவிட்டால் கோழிக்கோட்டில் இறங்கித் திரும்பி வர வேண்டும். நீங்கள் பிள்ளைகளோடு கூடலூர் வழியாக இறங்குங்கள். ராத்திரி ஃபெரோக்கில் எல்லோரும் சேர்ந்துகொண்டு, மறுநாள் காலை சாலியத்தில் ஒன்றாகப் படகு ஏறலாம்.